ஃபைலில் நடந்த கல்யாணம்

போன மாதம் ஒரு வியாழக்கிழமை, காலை பத்தே கால் மணிக்கு, தனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்ற விஷயம் என் மகளுக்குத் தெரியவந்தது.

எர்ணாகுளத்தில், அவள் ஒரு வருஷம்கூட முழுசாகப் படிக்காத கல்லூரி. ஆபீஸ் கவுண்டர். கம்பிக்குப் பின்னாலிருந்த கிளார்க் ஃபைலைத் திறந்தார். ஒரு பக்கம் புரட்டினார். நின்றார். கண்ணாடிக்கு மேலாக அஞ்சனாவைப் பார்த்தார்.

"இது... கல்யாணம் கழிஞ்ஞ குட்டியல்லே?"

கல்யாணமான பெண்தானே இது, என்கிறார். அஞ்சு சிரித்துவிட்டாள். "அய்யோ சாரே, அது வேற யாரோ!" சிரித்தபடியே என் பக்கம் திரும்பினாள். என் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

பெற்ற பிள்ளைகளுக்கு நம் முகத்தைப் படிக்க யார் கற்றுத் தருகிறார்கள்?

"ஆமா சார்... வேற பொண்ணா இருக்கும்" என்றேன் நான். என் குரல் எனக்கே வேறு பெண்ணின் குரல் மாதிரி இருந்தது.

அன்று எங்களுக்கு வேண்டியிருந்தது இரண்டே இரண்டு. அஞ்சுவின் ஒரிஜினல் மார்க் ஷீட்டுகள். ஒரு டி.சி. பக்கத்து மாவட்டத்தில் ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் அவளுக்கு எம்.பி.பி.எஸ். அலாட்மெண்ட் வந்திருந்தது. அன்று மாலை — மாலை என்ன மாலை, மதியம் மூன்று மணிக்குள் — ஒரிஜினல்களோடு நேரில் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் சீட் அடுத்த பெண்ணுக்கு.

அலாட்மெண்ட் வந்து நான்கு நாள் ஆகிவிட்டதே, கடைசி நாள் வரை என்ன செய்தீர்கள் என்று கேட்பீர்கள். வில்லேஜ் ஆபீஸில் வருமானச் சான்று. சாதிச் சான்று. டாக்டரிடம் ஃபிட்னஸ். கல்லூரிக்கு மட்டும் "நாளைக்குப் போகலாம்டி, அது சும்மா கையெழுத்துதானே" என்று தள்ளிக்கொண்டே வந்தேன். தெரிந்தேதான். ஒரு வாசலைத் தவிர்க்க வேண்டுமென்றால் ஊரில் எத்தனை வாசல்கள் இருக்கின்றன!

அந்த வாசலில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். முழுசாகத் தெரியாது. பாதி தெரியும்.

ப்ளஸ் டூவில் அஞ்சு நன்றாகப் படித்த பெண். நீட் முதல் தடவை கைவிட்டது. பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரியில் சேர்ந்தாள். சேர்ந்தாள் என்பதைவிட, கரை ஒதுங்கினாள். பஸ்ஸில் போனாள், பஸ்ஸில் வந்தாள். நடுவில் என்ன நடந்தது என்று அவளுக்கே தெரியாத மாதிரி ஒரு முகம். முதல் செமஸ்டரில் ஆறு பேப்பர். நான்கில் ஃபெயில். கெமிஸ்ட்ரியிலேயே ஃபெயில்! அதன் பிறகு ஒரு திங்கட்கிழமை அவள் எழுந்து குளித்தாள், பை எடுத்தாள், மறுபடி கட்டிலில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை.

பத்து நாள் கழித்துக் கல்லூரியிலிருந்து போன். அவள் வகுப்பு டீச்சர், லிஸி டீச்சர். "அஞ்சனா ஏன் வர்றதில்ல?"

மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். தோளில் ஈரத்துணி, காதில் போன். ஃபெயிலாகிவிட்டாள், உடைந்துபோய்க் கட்டிலில் கிடக்கிறாள் — இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? மூன்று விநாடி. அந்த மூன்று விநாடிக்கு என் நாக்கு ஒப்பவில்லை.

"கல்யாணம் டீச்சர். வீட்டுல முடிச்சிட்டோம். பையன் நம்ம ஊர்ப்பக்கம்... தென்காசி."

மாப்பிள்ளைக்கு ஓர் ஊர்கூடக் கொடுத்தேன் பாருங்கள்!

எங்கிருந்து வந்தது அந்தப் பொய்? யோசித்துப் பார்த்தால் கூச்சமாக இருக்கிறது. இங்கே மட்டாஞ்சேரியில் தமிழர்களைப் 'பாண்டி' என்பார்கள்; எங்களைப் பற்றி ஒரு பேச்சு உண்டு — "பாண்டிக்காரங்க பொண்ணுங்களைச் சீக்கிரம் கட்டிக் கொடுத்துடுவாங்க." இருபத்திரண்டு வருஷமாக, நான் கல்யாணமாகி இங்கே வந்த நாள் முதல், அந்தப் பேச்சைக் கேட்டால் எனக்கு உடம்பெல்லாம் எரியும். பால் வாங்கும் இடத்தில் சண்டைகூடப் போட்டிருக்கிறேன். ஆனால் அவசரத்துக்கு ஒளிய இடம் தேடியபோது, அதே பேச்சுக்குப் பின்னால்தான் போய் ஒளிந்தேன். தமிழ்க் குடும்பம்தானே, நம்பிவிடுவார்கள்...

நம்பினார்கள். டீச்சர், "அவளுக்குப் பதினெட்டு வயசுதானே ஆகுது?" என்றார். நான் வைத்துவிட்டேன். அதன் பிறகு மூன்று நான்கு தடவை கூப்பிட்டார். எடுக்கவில்லை. கடைசியில் அந்த நம்பரை பிளாக் செய்தேன். விஷயம் முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. ஃபைலில் உட்கார்ந்திருந்தது.

கிளார்க் ஃபைலை எங்கள் பக்கம் திருப்பவில்லை. ஆனால் அஞ்சு தலைகீழாகவே படித்துவிட்டாள். எனக்கு மலையாளம் இன்னும் எழுத்துக்கூட்டித்தான் வரும்; அவளுக்குத் தமிழைவிட அதுதான் ஓடும். சிவப்பு மையில் ஒரு குறிப்பு. கீழே லிஸி டீச்சரின் கையெழுத்து. பிரின்சிபாலின் கையெழுத்து. அவள் வாய்க்குள் முணுமுணுத்துப் படித்தது இதுதான்:

'கல்யாணத்தின் பேரில் படிப்பு நிறுத்தப்பட்டதாகத் தாய் போனில் சொன்னார். சான்றிதழ்களை வீட்டாரிடம் கொடுக்க வேண்டாம். மாணவி நேரில் வந்தால், நான் அவளோடு தனியாகப் பேசிய பிறகு மட்டும் கொடுக்கவும்.'

என்னிடமிருந்து என் மகளைக் காப்பாற்ற எழுதிய குறிப்பு.

"டீச்சர் எங்கே சார்?" என்றாள் அஞ்சு.

லீவு. கண் ஆபரேஷன். பள்ளுருத்தியில் வீடு. போன் போட்டுப் பார்த்தார் கிளார்க். ஸ்விட்ச் ஆஃப். பிரின்சிபால் மீட்டிங்குக்குத் திருவனந்தபுரம். "இதுல கையெழுத்து இருக்கு. நான் என்ன செய்யட்டும் சேச்சி? டீச்சர் எழுதினதை டீச்சரே மாத்தி எழுதித் தரட்டும்." நல்ல மனுஷர்தான். பள்ளுருத்தி விலாசத்தை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். "ஒண்ணேகாலுக்குள்ள வாங்க. அப்புறம் எனக்கு எக்ஸாம் டியூட்டி."

மணி பத்தே முக்கால்.

ஆட்டோவில் அஞ்சு கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தாள். பாலத்தில் கன்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக, பெரிய பெரிய பெட்டிகளைச் சுமந்து, ஒரு அவசரமும் இல்லாமல். கீழே காயல் வெயிலில் தகரம் மாதிரி. தோப்பும்படி ஜங்ஷனில் ஆட்டோ நின்றே போயிற்று.

"சேட்டா, கொஞ்சம் சீக்கிரம்..."

"பறக்கணும்னா ஏர்போர்ட்டுக்குப் போகணும் சேச்சி" என்றார் டிரைவர், ஹாரனில் கையை வைத்தபடி.

"அம்மா." அஞ்சு திரும்பவில்லை. "நீயா சொன்னே?"

நான் சிக்னலைப் பார்த்தேன். சிவப்பு. எழுபது, அறுபத்தொன்பது, அறுபத்தெட்டு... 

"கேக்கறேன்ல?"

"ஆமா."

அவ்வளவுதான். திட்டியிருந்தால் பரவாயில்லை. அழுதிருந்தால் பரவாயில்லை. அவள் இன்னும் கொஞ்சம் ஓரமாக நகர்ந்து உட்கார்ந்தாள். ஆட்டோவில் எவ்வளவு இடம் இருக்கும்? ஒரு ஜாண். அந்த ஒரு ஜாணை என்னால் எட்டிக் கடக்க முடியவில்லை.

அப்போது பார்த்து என் கணவர் போன் செய்கிறார். கார்ப்பரேஷனில் ஹெல்த் செக்‌ஷனில் வேலை. லீவு போட்டு, நண்பரின் காரை வாங்கிக்கொண்டு கல்லூரி வாசலுக்கு வந்துவிட்டார். நான் சொன்ன கல்யாணப் பொய் எதுவும் அவருக்குத் தெரியாது.

"எங்கம்மா இருக்கீங்க ரெண்டு பேரும்?"

"பள்ளுருத்தி போறோம்."

"பள்ளுருத்தியா? அங்க என்ன, கல்யாண விருந்தா? மணியைப் பாரு!"

சில சமயம் மனிதர்கள் அறியாமல் எறியும் கல்தான் குறி தவறுவதே இல்லை.

லிஸி டீச்சரின் வீட்டுக்கதவு திறந்தபோது பதினொன்றரை. திறந்தது அவரேதான். ஒரு கண்ணில் பிளாஸ்திரி, மேலே கறுப்புக் கண்ணாடி. யாரென்று சரியாகத் தெரியாமல் முகத்தை முன்னால் நீட்டினார்.

"டீச்சர், நான் அஞ்சனா."

அவர் கை நீண்டு வந்து அவள் தோளைத் தேடிப் பிடித்தது. அப்புறம் என் பக்கம் திரும்பினார். "கூட யாரு?"

"அம்மா."

"அம்மா வெளியே இருக்கட்டும்." அவளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்.

டீச்சர் பேசியது மலையாளம். என் காதில் விழுந்ததைத் தமிழில் தருகிறேன். ஜன்னல் திறந்திருந்தது. ஒட்டுக்கேட்டேனா? ஆமாம். நீங்களாக இருந்தால் காதைப் பொத்திக்கொண்டு நின்றிருப்பீர்களா?

"பயப்படாதே மோளே. அவங்களுக்குக் கேக்காது. அடிக்கிறாங்களா? உனக்குப் போக வேற இடம் வேணுமா? எதுவானாலும் சொல்லு."

"டீச்சர், எனக்குக் கல்யாணமே ஆகல. எம்.பி.பி.எஸ். கிடைச்சிருக்கு. இன்னிக்கு மூணு மணிக்குள்ள சேரணும். சர்டிஃபிகேட் வேணும்."

டீச்சர் குரல் மெதுவாக, ரொம்ப மெதுவாக —

"இப்படிச் சொல்லி வாங்கிட்டு வான்னு சொல்லிக் கொடுத்தாங்களா?"

படியில் உட்கார்ந்துவிட்டேன். அவர் நம்பவில்லை! எப்படி நம்புவார்? நான்கு பேப்பரில் தோற்ற பெண். ரோல் நம்பர் கூப்பிட்டால் திடுக்கிட்டு எழுந்த பெண். அவள் திடீரென்று வந்து, டாக்டராகப் போகிறேன், சான்றிதழைக் கொடுங்கள் என்றால்? என் பொய் நம்பும்படியாக இருந்தது. அவளுடைய உண்மைதான் பொய் மாதிரி இருந்தது.

"போன்ல அலாட்மெண்ட் மெமோ இருக்கு டீச்சர், பாருங்க."

"இப்ப எனக்கு எழுத்து கண்ணுக்குத் தெரியாது மோளே. இன்னும் மூணு நாளைக்கு எதுவும் படிக்கக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. வீட்டுலயும் யாரும் இல்ல."

பதினொன்று நாற்பத்தைந்து. நான் எழுந்தேன். கதவைத் தட்டி உள்ளே போய் அவர் காலில் விழுந்துவிடலாமா என்று நினைத்தேன். யார் காலில் யார் விழுந்து எதை நிரூபிப்பது? போனில் பொய் சொன்னவள் நேரில் வந்து சொன்னால் அது உண்மையாகிவிடுமா?

அப்போது டீச்சரின் குரல். இந்தத் தடவை வேறு மாதிரி. வகுப்பறைக் குரல்.

"சரி. எஸ்.என்.டூ ரியாக்‌ஷன். கார்பனுக்கு என்ன ஆகும்?"

ஒரு விநாடி. இரண்டு.

"இன்வெர்ட் ஆகும் டீச்சர். காத்துல குடை மடங்கித் திரும்பற மாதிரி."

"டெர்ஷியரி கார்பன்னா?"

"நடக்காது. சுத்திலும் நெரிசல், உள்ள வர வழியில்ல. அங்க எஸ்.என்.ஒன்."

"ஏன்?"

"கார்போகேட்டயான் ஸ்டெடியா நிக்கும்..."

கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் பதில்களுக்கு முன்னால் இருந்த இடைவெளி குறைந்துகொண்டே வந்தது எனக்குப் புரிந்தது. மூச்சு விடும் நேரம். அப்புறம் அதுவும் இல்லை. கேள்வி முடியுமுன்னே பதில். இவளா கட்டிலில் உட்கார்ந்தவள்? ஒரு மாதம் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்து, பிறகு தானாகவே எழுந்து, ஒன்றரை வருஷம் இடப்பள்ளிக்கு இரண்டு பஸ் மாறிக் கோச்சிங் போய் வந்தவள். நடுவில் இன்னொரு தடவை நீட் எழுதி, அதிலும் தோற்று, மறுநாள் காலை அதே பஸ் ஏறியவள். நான் அவளுக்கு டிபன் கட்டிக் கொடுத்தேன். அவள் என்ன ஆனாள் என்று இந்தப் படியில் நின்றுதான் முதல்முதலாகக் கேட்டேன்.

"இதையெல்லாம் அன்னிக்குக் கிளாஸ்ல ஏன்டி சொல்லல?" — டீச்சரின் குரல் உடைந்திருந்தது.

"அன்னிக்குத் தெரியாது டீச்சர்."

கதவு திறந்தது. "உள்ளே வாங்க" என்றார் என்னிடம்.

உள்ளே போனேன். உட்காரச் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

"ரெண்டு தடவை மட்டாஞ்சேரிக்கு வந்து தேடினேன். நீங்க கொடுத்திருந்த விலாசத்துல வேற குடும்பம் இருந்துச்சு. ஜூ டவுன், அந்த யூதத் தெரு வரைக்கும் நடந்து விசாரிச்சேன். ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"வீடு மாறிட்டோம் டீச்சர்..." என்று ஆரம்பித்தேன். நிறுத்தினேன். போதும். "தோத்துட்டான்னு சொல்ல வாய் வரல. கல்யாணம்னா யாரும் மேல கேள்வி கேக்க மாட்டாங்கன்னு நெனச்சேன்."

"நான் கேட்டேனே" என்றார் டீச்சர்.



அஞ்சு தாளில் எழுதினாள், டீச்சர் சொல்லச் சொல்ல. கையெழுத்து போடும் இடத்தில் அவள் அவர் விரலைப் பிடித்துக் கொண்டுபோய் வைத்தாள். கையெழுத்து சரிந்து, பக்கத்தின் ஓரம் வரை இறங்கிப் போயிற்று. பிறகு டீச்சர் தன் போனை ஆன் செய்யச் சொல்லி, ஆபீஸுக்குத் தானே பேசினார். "அந்தக் குட்டிக்குக் கொடுங்க. அவ கையில கொடுங்க" — 'அவ கையில' என்பதை இரண்டு தடவை சொன்னார்.

திரும்ப ஆட்டோ. திரும்பத் தோப்பும்படி. திரும்பப் பாலம். நண்பகலில் அந்தப் பாலத்தில் நான் வேண்டாத சாமி இல்லை. கவுண்டருக்கு நாங்கள் ஓடிவந்தபோது பன்னிரண்டு ஐம்பது. கிளார்க் டி.சி. புத்தகத்தைத் திறந்து எழுத ஆரம்பித்தார். பெயர். பிறந்த தேதி. சேர்ந்த தேதி. பேனா நின்றது.

"படிப்பை நிறுத்தக் காரணம்?"

நான் வாயைத் திறந்தேன்.

"அம்மா, நீ பேசாதே" என்றாள் அஞ்சு. கம்பிக்கு அருகே முகத்தைக் கொண்டுபோனாள். "மேற்படிப்பு, சார்."

கிளார்க் எழுதினார். சீல் குத்தினார்.

பிறகு நாற்பது கிலோமீட்டருக்கு ஒரு தோண்டிப்போட்ட ஹைவே. இரண்டு பக்கமும் மஞ்சள் இயந்திரங்கள், புழுதி, 'மெதுவாகச் செல்லவும்' பலகைகள். மெதுவாகச் செல்ல எங்களுக்கு நேரம் எங்கே இருந்தது? காரில் என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஸ்டியரிங்கிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஐந்து நிமிஷம் கழித்து, "மாப்பிள்ளைக்கு என்ன வேலைன்னு சொன்னே?" என்று மட்டும் கேட்டார். பின்சீட்டிலிருந்து ஒரு சத்தம். அஞ்சு சிரித்தாளா, விசும்பினாளா, கண்ணாடியில் பார்க்கத் தைரியம் வரவில்லை.

இரண்டு ஐம்பத்திரண்டு. மருத்துவக் கல்லூரியின் வராந்தா. "கேண்டிடேட் மட்டும்" என்றார் வாசலில் நின்றவர். அஞ்சு ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். அன்று இரண்டாம் தடவையாக நான் ஒரு மூடிய கதவுக்கு வெளியே நின்றேன். மூன்று மணி ஆயிற்று. மூன்றே கால். மூன்றரை. ஒரு பெண் அழுதுகொண்டே வெளியே வந்தாள், என் பெண்ணில்லை. நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிக்காக உடனே வெட்கமாகவும் இருந்தது.

நாலு மணிக்கு வந்தாள். கையில் ஃபைல் இல்லை. ஒரே ஒரு ரசீது.

"வாங்கிட்டாங்க" என்றாள். "பசிக்குது."

எதிரே ஒரு சாயாக்கடையில் கப்பக்கிழங்கும் மீன்குழம்பும். பாதி சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்தாள். கோபமில்லாத முகம். அதுதான் கஷ்டமாக இருந்தது.

"நான் ஃபெயிலானதை நீ தாங்கிட்ட அம்மா. எனக்கு டிபன் கட்டின, பஸ் ஏத்திவிட்ட. ஒரு வார்த்தை திட்டல. உன்னால தாங்க முடியாதது, அதை இன்னொருத்தர்கிட்ட சொல்றதுதான். இல்ல?"

நான் மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தேன். எடுத்துக்கொண்டே இருந்தேன்.

நம்மில் எத்தனை பேர் வீடுகளில் இப்படி ஒரு ஃபைல் இருக்கிறது? உடம்பு சரியில்லை, வெளியூர் போயிருக்கிறான், ஜாதகம் பார்த்துக்கொண்டிருக்கிறோம்... தோல்வியை மூடி வைக்க நம்மிடம் விதவிதமான போர்வைகள். போர்வைக்குள் ஒரு பிள்ளை மூச்சுமுட்டிக் கிடப்பதை மட்டும் மறந்துவிடுகிறோம். கதவைத் தட்டி விசாரிக்க வருகிற ஒரு டீச்சரையும் பிளாக் செய்துவிடுகிறோம்.

போன வாரம் அஞ்சு ஹாஸ்டலிலிருந்து கூப்பிட்டாள். அனாடமியில் முதல் டெஸ்ட். ஐம்பதுக்குப் பத்தொன்பது. "ஃபெயில்" என்றாள், வானிலை சொல்வது போல. "அடுத்ததுல பார்த்துக்கலாம்."

மறுநாள் எதிர்வீட்டு மீனாட்சி அக்கா கேட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "என்ன, டாக்டரம்மா எப்படிப் படிக்கிறா?"

நாக்கு தன் பழைய பாதையில் கிளம்பியது. சூப்பரா படிக்கிறா அக்கா... நுனி வரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

"முதல் டெஸ்ட்ல ஃபெயில் அக்கா."

அக்கா என்னைப் பார்த்தார். தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். குரலை இறக்கினார்.

"என் பொண்ணு பெங்களூர்ல வேலையில இருக்கான்னு சொன்னேன்ல... எங்க மாடியில ஃபேன் ஓடற சத்தம் கேக்குதா? அவதான்."